ஒரு கவரில் என்ன பாவம்?

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் கழிவை மருத்துவர்கள் வெளியே எடுத்தார்கள். திருமுல்லைவாயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட பசு அது. அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. இவ்வளவும் எப்படி உள்ளே போனது என்பதில் மர்மம் ஏதுமில்லை. மாடு தீனியை ருசி பார்த்துப் பொறுக்கித் தின்னும் பிராணி அல்ல. நாக்கால் வளைத்து வாரி முதலில் விழுங்கிவிடும், அசைபோடுவதெல்லாம் பிறகுதான். மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் ஒரு கவரில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வைத்தால், புளித்த சோற்றின் வாசனை மாட்டுக்கு எட்டும். முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை கிடையாது. கவரோடு சேர்த்து விழுங்குகிறது. சோறு செரித்துப் போகும், கவர் செரிக்காது. முதல் இரண்டு இரைப்பை அறைகளிலிருந்து மூன்றாவது அறைக்குப் போகும் வாயில் சிறியது என்பதால் அது அங்கிருந்து நகரவும் நகராது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, முறுக்கிக்கொண்டு, கெட்டிப்பட்டு, தீனிக்கு உரிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. வயிறு நிறைந்த நிலையிலேயே மாடு பட்டினியால் மெலிகிறது.

அந்தப் பசுவுக்குத் தீங்கு செய்தவர் யார்? கடையில் தரும் மெல்லிய கவர் ஒன்றின் எடை சில கிராம்தான். ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால் 52 கிலோ என்பது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கவர்கள். வயிற்றில் இருந்தது முழுக்கக் கவர்தான் என்று சொல்ல முடியாது, ஈரம் ஊறிய எடை வேறு. அதற்காகப் பாதிக்கு மேல் தள்ளிவிட்டாலும் கணக்கு ஆயிரங்களில் நிற்கிறது. ஆயிரக்கணக்கான கைகள் அவை. ஒரு கைகூடப் பசுவை வதைக்க வேண்டும் என்று நீளவில்லை. அவற்றில் சில, வெள்ளிக்கிழமைதோறும் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துத் தொட்டுக் கும்பிடும் கைகளாகவும் இருந்திருக்கலாம். அவர்களில் யாரோ ஒருவர் தம் கவரைப் போடாமல் இருந்திருந்தால் பசு அந்த வேதனையிலிருந்து தப்பியிருக்குமா என்றால், இருக்காது. ஆயிரத்தில் ஒன்று குறைந்து அதன் வலி குறையப்போவதில்லை. அப்படியானால், தனித்து நோக்கும்போது யாருக்கும் ஒன்றும் செய்யாத செயல் பாவமாகுமா? ஆகும் என்பதுதான் இங்கே முன்வைக்கும் வாதம். அதற்கான காரணத்தைத் தமிழ் மண்ணில் நெடுங்காலம் வேரோடியிருந்த சமண இல்லற நெறி மிகத் துல்லியமாக வகுத்து வைத்திருக்கிறது. அந்த அளவுகோல் இன்றைய கடைத்தெருவுக்கும் பொருந்துகிறது.

“நான் ஒருவன் விட்டு என்ன ஆகப்போகிறது” என்ற கேள்வியை ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜொனாதன் குளோவர் 1975இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவர் கற்பித்த காட்சி இது. ஒரு கிராமத்தில் நூறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு அவரை விதைகள். ஆயுதத்தோடு வரும் நூறு கொள்ளையர், ஆளுக்கொரு கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கொள்ளையனும் ஒரு மனிதனைப் பட்டினி போட்டான். குற்றம் கண்ணெதிரே தெரிகிறது. அடுத்த முறை அவர்கள் முறையை மாற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவனும் எல்லாக் கிண்ணங்களிலிருந்தும் ஒவ்வொரு விதை மட்டும் எடுக்கிறான். கிராமம் முன்போலவே முழுப் பட்டினி. ஆனால் ஒவ்வொரு கொள்ளையனும் “நான் யாருக்கும் கண்ணுக்குத் தெரியும் கெடுதல் செய்யவில்லை, ஒரு விதை குறைந்தால் யாருக்குப் பசிக்கும்” என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானத்தை நாம் ஏற்கமாட்டோம். உணர முடியாத பங்கும் பங்குதான். 1984இல் தத்துவ அறிஞர் டெரிக் பார்ஃபிட் இதே கோணத்தை இன்னும் விரிவாக எடுத்துச் சென்று, ஒரு செயலை மட்டும் தனியே பிரித்து அதன் விளைவை அளப்பதே நம் அறக் கணக்கில் நேரும் பிழை என்று காட்டினார். நாம் எல்லோரும் சேர்ந்து என்ன செய்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த விடை சரியானது, ஆனால் போதாது. ஏனென்றால் இதே தர்க்கத்தை வைத்துக் கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம். பங்கு உண்டு என்பது சரி, ஆனால் மிகச் சிறிய பங்கு. எனக்குக் கிடைக்கும் வசதியோ உண்மையானது. சோறு பொங்கினால் புகை, பேருந்தில் ஏறினால் புகை, விளக்கைப் போட்டால் எங்கோ நிலக்கரி எரிகிறது. சிறு பங்குகளையெல்லாம் பாவக் கணக்கில் எழுதினால் மனிதன் மூச்சுவிடுவதும் குற்றமாகும். எல்லாமே பாவம் என்று சொல்லும் அறம் எதையும் பாவம் என்று காட்டாது. கேட்பவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். ஆகவே கூட்டுத் தீங்கில் பங்குண்டு என்று நிறுவியதோடு வேலை முடியவில்லை. வாழ்வதற்காகத் தவிர்க்க முடியாமல் செய்யும் சிறு தீங்கையும் தவிர்க்கக்கூடிய சிறு தீங்கையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் வேண்டும்.

சமணம் என்றதும் மயிற்பீலியால் தரையைக் கூட்டி நடக்கும் துறவிதான் பலருக்கு நினைவில் வருவார். அந்தச் சமயம் இல்லறத்தாருக்கு வகுத்த ஒழுக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உழுபவர் மண்ணில் உள்ள உயிர்களுக்குத் தீங்கு நேராமல் உழ முடியாது, சமைப்பவர் தீ மூட்டாமல் சமைக்க முடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. துறவியிடம் கேட்பதை உழவரிடம் கேட்பதில்லை. சாவகர் எனப்படும் இல்லறத்தார் ஏற்கும் விரதங்கள் பன்னிரண்டு. அவற்றில் குணவிரதம் எனப்படும் மூன்றில் ஒன்று அனர்த்த தண்ட விரதம். அதாவது, எந்தப் பயனும் இல்லாமல் செய்யும் தீங்கை விட்டொழிப்பது. சமண ஆசிரியர் சமந்தபத்திரரின் இரத்தின கரண்ட சிராவகாசாரம் இதை விரித்துரைக்கிறது. அதைத் தழுவித் தமிழில் எழுந்த நூல்தான் அருங்கலச்செப்பு. பயனில்லாத தீங்கின் வகைகளில் ஒன்றாகக் கவனமற்ற நடத்தையை அந்த மரபு சொல்கிறது. அதற்கு அது தரும் எடுத்துக்காட்டுகள் மிகச் சாதாரணமானவை: சும்மா மண்ணைக் கிளறுவது, தண்ணீரைக் கொட்டுவது, நெருப்பை மூட்டுவது, காற்றை அலைப்பது, செடிகொடிகளை ஒடிப்பது. வழியில் போகும்போது கை சும்மா இராமல் ஓர் இலையைக் கிள்ளுவதில் யாருக்கு என்ன கேடு என்று நாம் கேட்போம். கேடு எவ்வளவு என்பதை அந்த விரதம் கேட்கவில்லை. எதற்காகக் கிள்ளினாய் என்று கேட்கிறது. தேவைக்காகச் செய்யும் தீங்கைக் குறைத்துக்கொள். தேவையே இல்லாத தீங்கை அறவே விடு. முன்னதற்குத் தியாகம் வேண்டும். பின்னதற்குக் கவனம் மட்டும் போதும், ஏனென்றால் அதை விடுவதால் நாம் இழப்பது எதுவுமில்லை.

கவருக்குப் பயன் இல்லையா, சாமானைத் தூக்கிவர உதவுகிறதே என்று உடனே கேட்கலாம். நியாயமான கேள்வி, விடைக்கு ஊகம் தேவையில்லை, ஒரு நாடே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2002 மார்ச்சில் அயர்லாந்து அரசு கடைகளில் தரும் நெகிழிப் பை ஒவ்வொன்றுக்கும் 15 சென்ட் கட்டணம் விதித்தது. அதற்கு முன் அந்நாட்டில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு 328 பைகள் என்று கணக்கிடப்பட்டிருந்தது. கட்டணம் வந்தபின் அது 21 ஆக இறங்கியது. பதினைந்து சென்ட் என்பது அங்கே யாரையும் ஏழையாக்கும் தொகை இல்லை. மக்கள் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை, பால் ரொட்டி வாங்குவதைக் குறைக்கவில்லை. திரும்பப் பயன்படுத்தும் பையை எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஒரு நொடி யோசிக்கவைத்ததும் பத்தில் ஒன்பதுக்கு மேல் மறைந்துபோனது என்றால், அந்த ஒன்பதும் தேவையால் வாங்கப்பட்டவை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கேட்காமலே கொடுத்தார்கள், யோசிக்காமலே வாங்கினார்கள். அனர்த்த தண்டம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டைப் பழைய உரையாசிரியர்களாலும் தந்திருக்க முடியாது.

நம் கடைத்தெருவில் இதை நின்று பார்க்கலாம். தக்காளி ஒரு கிலோ ஒரு கவரில், பீன்ஸ் அரை கிலோ இன்னொரு கவரில், கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் தனியாக ஒரு குட்டிக் கவர்; பிறகு இவை எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பெரிய கவர். மருந்துக் கடையில் ஒரே ஒரு மாத்திரை அட்டைக்கு ஒரு கவர். வாங்கியவர் வாசலைத் தாண்டியதும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கவரை விட்டெறிகிறார். இதில் தேவை எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைக்கு முன்வரை இதே சாமான்கள் கூடையிலும் துணிப்பையிலும் வீடு வந்தன. பூவை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்கள், கறியைத் தாமரை இலையில் கட்டினார்கள், எண்ணெய்க்கும் சாம்பாருக்கும் தூக்கு போனது. எதுவும் வாங்கப்படாமல் இருக்கவில்லை. இடையில் மஞ்சப்பை பட்டிக்காட்டான் அடையாளமாகக் கேலிக்கு உள்ளானது. வெறுங்கையோடு கடைக்குப் போய்க் கவரோடு திரும்புவது நாகரிகமானது. மாறியது தேவையல்ல, கூச்சம். கவரை உருவாக்கியவரும் இப்படி நினைக்கவில்லை. இன்று உலகெங்கும் புழங்கும் கைப்பிடி வைத்த நெகிழிப் பைக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனம். வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்தாஃப் துலின். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தவிர்க்கவே தந்தை இதை எண்ணினார், ஒரு பையை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்று அவர் மகன் பின்னாளில் சொன்னார். பொருளில் பாவம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நூற்றாண்டுகள் தாங்கக்கூடிய பொருளைப் பத்து நிமிடத்துக்கு வாங்கி எறியும் கவனமின்மையில் இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் கனமானது. பாவத்துக்கு எண்ணம் வேண்டாமா? பசுவைக் கொல்ல வேண்டும் என்று யாரும் கவரைப் போடவில்லை. புத்தர் வினை என்பதே எண்ணம்தான் என்று போதித்தவர். அறியாமல் எறும்பை மிதித்தவர் கொலைகாரர் ஆவதில்லை. இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டே பதில் சொல்லலாம். அறியாமல் செய்தது வேறு, அறிந்தும் நினைத்துப் பார்க்காமல் செய்தது வேறு. கவர் தூக்கியெறியப்பட்டபின் எங்கே போகிறது என்பது இப்போது ஊரறிந்த செய்தி. சாக்கடை அடைப்பையும் மாட்டின் வயிற்றையும் ஏரிக்கரையையும் பார்க்காதவர் எவரும் இல்லை. அறிந்தபின் நீளும் கை, எண்ணமில்லாத கை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணத்திலேயே கொடூரத்தை முன்வைக்காமல் கவனமின்மையை முன்வைக்கிறது. மெத்தனத்தால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்பது அதன் சாரம். புத்தர் சீடர்களுக்கு இறுதியாக விட்டுச்சென்ற அறிவுரையும் கவனத்தோடு முயலுங்கள் என்பதே. திருவள்ளுவர் மறதியையும் அசட்டையையும் கடிவதற்கென்றே பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் ஒதுக்கினார்; அரசனை நோக்கி அவர் சொன்னது அது, ஆனால் வாங்குபவர் கோடிக்கணக்கில் இருக்கும் காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் அரசனுக்கு இருந்த அளவு கெடுக்கும் ஆற்றல் சிறுசிறு துண்டாகப் பகிர்ந்து கிடக்கிறது. வெறுப்பு இல்லாமலே பெருந்தீங்கு விளையும் காலம் இது. இந்தக் காலத்தின் அறம் கவனத்தில்தான் தொடங்க முடியும்.

இது ஒரு சமயத்தின் தனிப்பார்வை மட்டுமல்ல. ஓடுகின்ற ஆற்றங்கரையில், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவைச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்ற கருத்துடைய நபிமொழி ஒன்று முஸ்லிம்களிடையே அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. அதில் ஆற்றைச் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டு கை தண்ணீர் கூடுதலாக அள்ளினால் ஆறு குறையாது. அள்ளிய நீரும் ஆற்றிலேயே திரும்ப விழலாம். “என் ஒருவனால் என்ன குறைந்துவிடும்” என்ற வாதம் மிக வலுவாக நிற்கும் இடம் அது. அங்கேயே வீண்விரயம் கூடாது என்றால், தவறு ஆற்றுக்கு நேரும் இழப்பைப் பொறுத்தது மட்டுமன்று, அள்ளுபவரின் நடத்தையையும் பொறுத்தது என்று ஆகிறது. 2015இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடல் நெகிழிப் பயன்பாட்டைத் தவிர்ப்பது போன்ற அன்றாடச் சிறு செயல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றால் உலகம் மாறாது என்று நினைத்துவிடக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமலே அவை நன்மையைப் பரப்பும் என்கிறது. வெவ்வேறு நம்பிக்கைகளிலிருந்து புறப்பட்ட மரபுகள் ஒரே இடத்தில் வந்து சேர்வது தற்செயல் ஆகாது. வீணாக்காமை என்பது பொருளாதாரச் சிக்கனம் ஆவதற்கு முன்பே வழிபாட்டின் பகுதியாக இருந்திருக்கிறது.

துணிப்பைதான் உண்மையில் அதிகக் கேடு என்று சொல்பவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மையாகாது. பிரிட்டிஷ் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பத்தை மட்டும் கணக்கிட்டால் ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் அது ஒரு மெல்லிய நெகிழிப் பைக்கு ஈடாகும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்து, 7,100 முறை என்று ஓர் எண்ணைச் சொன்னது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்தால் 52 முறை. பருத்திக்கு நிலமும் நீரும் உரமும் ஏராளமாக வேண்டும் என்பதால் இந்த எண்கள் வருகின்றன. டென்மார்க்கின் கணக்கு, குப்பைகள் ஒழுங்காகச் சேகரிக்கப்பட்டு எரிக்கப்படும் நாட்டை மனதில் வைத்துச் செய்தது. தெருவில் விழுந்த கவர் சாக்கடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும் போவதை அது எடையிடவில்லை. ஆனாலும் அதன் எச்சரிக்கை சரியானது. விழாவுக்கு விழா புதிய மஞ்சப்பை அச்சடித்து வினியோகித்து, வீட்டில் இருபது பைகள் மடிப்புக் கலையாமல் கிடக்க, மறந்து போய்க் கடையில் இருபத்தோராவதை வாங்கினால் அதுவும் அனர்த்த தண்டம்தான். விரதம் துணியை வணங்கவோ நெகிழியைச் சபிக்கவோ சொல்லவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பைதான் உத்தமமான பை. கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் போட்டுத் தந்த தாம்பூலப் பை, பழைய வேட்டியையோ கால்சட்டைத் துணியையோ வெட்டித் தைத்த பை, கிழியும்வரை உழைக்கும் அரிசிச் சாக்கு, முன்பு எப்போதோ வாங்கி இன்னும் கிழியாமல் இருக்கும் கெட்டிக் கவர், இவை எதுவானாலும் சரி.

இதில் ஏழைகளின் தலையில் அறத்தை ஏற்றிவைக்கும் ஆபத்தும் இருக்கிறது. முழம் போட்டுப் பூ விற்கும் பெண்ணுக்குக் கவர் மலிவு, வாழையிலைக்கு இன்று காசு கொடுக்க வேண்டும். வாங்க வருபவர் வெறுங்கையோடு வந்து நின்றால் கவர் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்கு வியாபாரம் போய்விடும். வேலை முடிந்து வழியில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்கும் கூலித் தொழிலாளியிடம் மழைநாளில் துணிப்பை எங்கே என்று கேட்பது கருணை ஆகாது. பயன், பயனின்மை என்று பிரிக்கும் அளவுகோலின் அருமை இங்கேதான் தெரிகிறது. மழையில் அரிசி நனையாமல் காப்பதற்காக ஒருவர் வாங்கும் கவரும், காரில் வந்து இறங்குபவர் கைவீசி வந்து வாங்கும் கவரும் எடையில் ஒன்று, அறத்தில் ஒன்றல்ல. முன்னதில் தேவை இருக்கிறது, பின்னதில் இல்லை. ஆகவே விரதத்தின் சுமை வசதி உள்ளவர் மேல்தான் முதலில் விழுகிறது. பூக்காரரின் தராசுக்கு அருகே கவர் தொங்குவதற்குக் காரணம் வாங்குபவர்கள் கேட்பது. அவர்கள் பை நீட்டத் தொடங்கினால் கவர் வாங்கும் செலவு அவருக்கு மிச்சமாகும். அபராதம் விதிக்கும் அதிகாரியின் கை முதலில் தள்ளுவண்டிப் பக்கம் நீளாமல் இருப்பதும் இதே நியாயத்தைச் சேர்ந்தது.

அப்படியானால் உற்பத்தி செய்யும் ஆலைகளும், எல்லாவற்றையும் நெகிழி உறையில் அடைத்து விற்கும் பெருநிறுவனங்களும் அல்லவா முதல் குற்றவாளிகள், வாங்குபவரைக் குறைசொல்வது அவர்களைத் தப்பவிடுவது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. குற்றம் ஒரே அளவுள்ள பண்டம் அல்ல. ஒருவர் அதிகம் சுமந்தால் மற்றவர் பங்கு குறைந்துவிடும் என்று பிரித்துக்கொள்ள முடியாது. கொள்ளையர் தலைவனுக்குப் பெரும் குற்றம் இருப்பது, ஒரு விதை எடுத்தவனை விடுதலை செய்யாது. மறு பாதியையும் அந்தப் பழைய விரதமே சொல்லிவைத்திருக்கிறது. அனர்த்த தண்டத்தின் வகைகளில் ஒன்று, தீங்கு செய்வதற்கான கருவிகளை மற்றவர்களுக்கு வழங்குவது. ஆயுதம், நஞ்சு, நெருப்பு போன்றவற்றைக் கண்மூடித்தனமாகக் கொடுப்பவரும் குற்றத்தில் பங்காளி. பயனற்ற பையைக் கோடிக்கணக்கில் செய்து குவிப்பவர் அந்த வரையறைக்குள் நேராக வந்து நிற்கிறார். இந்தியாவின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் பொறுப்பு என்பதைச் சட்டமாக்கியிருக்கின்றன. அந்தப் பொறுப்பைக் கறாராக வசூலிக்கும்படி அரசை நெருக்குவதும் விரதத்தின் பகுதியே. தன் கையைக் கவனிக்கப் பழகியவர்தான் நிறுவனத்தின் கையையும் கவனித்துக் கேள்வி கேட்பார். தினமும் நாலு கவர் வாங்கிக்கொண்டு ஆலையைத் திட்டுபவரின் குரலுக்கு ஆலையும் செவிசாய்க்காது, அரசும் செவிசாய்க்காது.

சட்டம் போட்டுவிட்டால் போதாதா, விரதம் எதற்கு என்ற கேள்விக்கு வரலாறே விடை சொல்கிறது. 1988, 1998 பெருவெள்ளங்களில் வடிகால்களை நெகிழிப் பைகள் அடைத்துக்கொண்ட அனுபவத்துக்குப் பிறகு, 2002இல் வங்கதேசம் மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடைசெய்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். பைகள் மெல்ல மெல்லத் திரும்பின. 2024இல் தடையை மறுபடியும் அமல்படுத்துவதாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் பதினான்கு வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. முதல் சில வாரங்கள் கடைகளில் துணிப்பையும் பாத்திரமும் தெரிந்தன. பிறகு கண்காணிப்பு தளர்ந்த இடங்களில் கவர் திரும்பியது. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியதும், கோயம்பேட்டுச் சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை வைத்ததும், தடை மட்டும் மனத்துக்குள் இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டதன் அடையாளங்களே. இதனால் சட்டம் வீண் என்று ஆகிவிடாது. சட்டம் கவர் கிடைக்காமல் செய்யலாம். கிடைக்கும்போதும் வேண்டாம் என்று சொல்லும் மனத்தை அது உண்டாக்க முடியாது. விரதம் என்ற ஏற்பாடு வந்ததே இந்த இடைவெளியை நிரப்பத்தான். யாரும் பார்க்காத நேரத்திலும் செல்லுபடியாகும் சட்டம் அது. மீறினால் அபராதம் வசூலிக்கும் அதிகாரியும் நாமேதான்.

இவ்வளவு சின்ன விஷயத்தில் சமயத்தை இழுப்பது அதைக் கொச்சைப்படுத்துவது ஆகாதா என்று சிலர் தயங்கலாம். அஞ்ச வேண்டிய வேறொன்று உண்டு: பை கொண்டு போனதோடு கடமை முடிந்துவிட்டது என்ற திருப்தி. பையில்லாமல் வந்தவரை ஏளனமாகப் பார்க்கும் பார்வையும் அதனோடு சேர்ந்து வரும். விரதம் பிறருக்குத் தீர்ப்பு எழுதும் கருவியாக மாறினால் அது கெட்டுவிட்டது என்று பொருள். ஆனால் சின்ன விஷயம் என்பதால் சமயம் ஒதுங்க வேண்டியதில்லை. சமயங்கள் எப்போதும் சின்ன விஷயங்களைத்தான் ஒழுங்குபடுத்தி வந்திருக்கின்றன; கை கழுவுவது, காலணியைக் கழற்றுவது, உண்ணுமுன் ஒரு பிடி சோற்றைக் காக்கைக்கு எடுத்து வைப்பது என்று பெரிய உண்மைகளை உடலுக்குக் கற்றுக்கொடுத்த வழி அது. சபரிமலையில் இருமுடியில் நெகிழி கூடாது என்று வலியுறுத்தப்படுவதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். நாற்பத்தொரு நாள் நோன்பிருந்து மலையேறுபவர், பன்னீரையும் அவலையும் நெகிழி உறையோடு கொண்டுபோய்க் காட்டில் போட்டுவிட்டு வந்தால், அங்கே யானைக்கும் மிளாவுக்கும் நேரும் கேடு நோன்பின் கணக்கில் எங்கே எழுதப்படும்? அர்ச்சனைத் தட்டைக் கவரில் போட்டு நீட்டும் கடைகளும், திருவிழாவில் தண்ணீர்ப் பாக்கெட்டும் நெகிழித் தட்டும் குவியும் அன்னதானப் பந்தல்களும் நம் கோயில் வாசல்களில்தான் இருக்கின்றன. தேவாலயத் திருநாள்களும் தர்கா கந்தூரிகளும் இதற்கு விலக்கல்ல. தானத்தின் புண்ணியத்தை மறுநாள் காலை தெருவில் கிடக்கும் குப்பை தின்றுவிடுகிறது என்று சொல்லும் உரிமையும் கடமையும் சமயத் தலைவர்களுக்கு இருக்கிறது. பக்தர்கள் அவர்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

ஒரு கவரில் என்ன பாவம் என்ற கேள்விக்கு இப்போது நேராகவே பதில் சொல்லலாம். தேவை இருந்து வாங்கிய கவரில் பெரிய பாவம் இல்லை. அதையும் பத்து முறை பயன்படுத்தினால் இன்னும் குறையும். தேவையே இல்லாமல், விளைவு தெரிந்தும், யோசிக்காமல் நீட்டி வாங்கிய கவரில் பாவம் உண்டு, அது எத்தனை கிராம் எடையானாலும். இந்த வேறுபாட்டை ஏற்பவர் செய்ய வேண்டியதும் தெளிவாக இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாவியை எடுப்பதுபோல் பையையும் எடுப்பது. கடைக்காரர் கவரைப் பிரிக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்வது. சோற்றைக் கவரில் முடிந்து தெருவில் வைக்காமல் இருப்பது. தாம் கும்பிடும் இடத்தின் நிர்வாகத்திடம் இதையே கேட்பது. இவற்றில் எதற்கும் செல்வமோ கல்வியோ வீரமோ தேவைப்படாது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இல்லறத்தாரிடம் இந்த விரதத்தை ஒப்படைத்தவர்கள், மனிதரால் தாங்க முடியாத எதையும் கேட்கவில்லை. காரணம் இல்லாமல் ஓர் உயிருக்கும் ஊறு செய்யாதே என்றுதான் கேட்டார்கள். அதை மறுப்பதற்கு நம்மிடம் ஒரு காரணமும் இல்லை.